கடிதம் எங்கே போச்சு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, வீடு, மாடு, காடு என்று இருந்தவளைக் குழுவில் சேர்த்து, இன்றைக்குக் கூட்டமைப்பின் செயலாளர் என்று உங்கள் முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள். விழாவில் என்ன பேசப் போறே என்று தலைவி அக்கா கேட்டாங்க. ஈமெயில் செட்டிங் பற்றிப் பேசுறேன் என்றேன். "விழா மேடையில அதையா பேசுவே?" என்று சிரிச்சாங்க. அப்புறம் அவங்களே, "பேசு, அதுல நாம பட்டது எல்லாருக்கும் தெரியணும்" என்றாங்க. அதனால்தான் பேசுகிறேன்.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் தொடங்கின காலத்தில் கடிதம் என்றால் தபால்காரர் கொண்டு வருவதுதான். இப்போது வங்கிக் கடிதம், வட்டார அலுவலகத்துப் பட்டியல், கண்காட்சியில் கடை போட அழைப்பு, நம்ம பலகாரத்துக்கு வரும் ஆர்டர் எல்லாமே ஈமெயிலில்தான் வருது. நம்ம கூட்டமைப்புக்கு ஒரு ஜிமெயில் முகவரி இருக்கு. அது இரண்டு இடத்தில் திறந்திருக்கும். ஒன்று, தலைவி அக்கா கையில் இருக்கும் ஆபீஸ் போன். இன்னொன்று, ஆபீஸ் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் என்று ஒரு இலவச மெயில் புரோகிராம். மூன்று வருஷத்துக்கு முன்னால் நம்ம ஊர்த் தம்பி ஒருவர் போட்டுக் கொடுத்தது. கம்ப்யூட்டரை ஆன் பண்ணினால் அதுவும் தானாகத் திறக்கும்.

போன வருஷம் புரட்டாசியில் நடந்ததைச் சொல்கிறேன்.

டவுனில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்காரங்க, தீபாவளிக்கு அவங்க வேலையாட்களுக்குக் கொடுக்க 250 பலகாரப் பெட்டி வேணும் என்று நமக்கு ஈமெயில் போட்டிருக்காங்க. பெட்டி ஒன்றுக்கு 180 ரூபாய். கணக்குப் போட்டால் 45,000 ரூபாய். பலகாரம் போடும் நம்ம பன்னிரண்டு பேருக்கும் தீபாவளிச் செலவு அதிலேயே முடிஞ்சிருக்கும். ஒரு வாரத்துக்குள் பதில் போடச் சொல்லியிருக்காங்க. நாம் பதில் போடவே இல்லை. பதினாறு நாள் கழிச்சு அந்த மேடம் போனில் கூப்பிட்டு, "உங்க பலகாரம் நல்லா இருக்கும்னுதான் முதல்ல உங்களைக் கேட்டோம். பதில் வரலை, வேற இடத்துல சொல்லிட்டோம்" என்றாங்க.

தலைவி அக்கா போனைத் திறந்து மேலும் கீழும் தேடினாங்க. அந்தக் கடிதமே இல்லை.

அப்போதுதான் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தோம். கடிதம் காணாமல் போவது அது முதல் தடவை இல்லை. காலையில் போனில் பார்த்த கடிதம் மத்தியானம் இருக்காது. நாங்கள் கவனித்துப் பார்த்தோம். நம்ம கணக்காளர் அக்கா ஆபீஸுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த நாளில்தான் கடிதம் போகும். அவங்க வராத நாளில் எல்லாம் அப்படியே இருக்கும். அந்த அக்காவின் சொந்தக்காரர் ஒருவரும் பலகாரக் கடை வைத்திருக்கிறார். இது போதாதா? "ஆர்டரை அழிச்சுட்டு அங்க சொல்லியிருப்பா" என்று ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். மறைக்க மாட்டேன். கூட்டத்தில் அந்த அக்காவைப் பார்த்து, "நீங்க எதையாவது அழிச்சீங்களா?" என்று கேட்டதே நான்தான்.

"நான் ஒண்ணையும் அழிக்கலை. எல்லாக் கடிதமும் கம்ப்யூட்டர்ல இருக்கு" என்றாங்க. காட்டுங்க என்றோம். எப்படிக் காட்டுவாங்க? அதற்கு முன்னாலேயே மின்சாரம் ஏறி இறங்கி கம்ப்யூட்டர் சப்ளை பெட்டி எரிந்து, அது டவுனில் ரிப்பேர் கடையில் இருந்தது. அக்கா ஆபீஸ் சாவியை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்து போயிட்டாங்க. ஏழு வருஷம் ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு எழுதினவங்க.

கம்ப்யூட்டர் ரெடி என்று போன் வந்ததும் நான்தான் கடைக்குப் போனேன். மனசு கேட்காமல் அங்கே இருந்த தம்பியிடம், "கடிதத்தை யார் அழிச்சாங்கன்னு கண்டுபிடிக்க முடியுமா தம்பி?" என்று கேட்டேன். அவர் மெயில் புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது பாப்ல போட்டிருக்கு. யாரும் அழிக்கலை, மெஷினே எடுத்துக்கிட்டிருக்கு" என்றார்.

எனக்குப் புரியலை. அவர் சொன்ன விதத்திலேயே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஈமெயில் முதலில் நம்ம கம்ப்யூட்டருக்கு வருவதில்லை. கூகுள் வைத்திருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்கு வருகிறது. அதற்கு சர்வர் என்று பெயர். அங்கிருந்து நாம் படிக்க இரண்டு வழி. ஒன்று பாப், இன்னொன்று ஐமேப். பாப் என்பது தபால் ஆபீஸுக்குப் போய் நம்ம கடிதத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வருவது போல. கொண்டு வந்த பிறகு அங்கே ஒரு நகல் இருக்கணுமா வேண்டாமா என்று செட்டிங்கில் சொல்லணும். வேண்டாம் என்று போட்டிருந்தால் அங்கிருந்து எடுத்துவிடும். ஐமேப் என்பது நம்ம தீர்மானப் புத்தகம் மாதிரி. புத்தகம் ஆபீஸில்தான் இருக்கும். நீங்களும் போய்ப் படிக்கலாம், நானும் போய்ப் படிக்கலாம். யார் படித்தாலும் புத்தகம் இடம் மாறாது.

நம்ம கம்ப்யூட்டரில் பாப். அதோடு ஜிமெயில் செட்டிங்கில், பாப் வழியாகக் கடிதத்தை எடுத்த பிறகு ஜிமெயில் நகலை அழித்துவிடு என்று போட்டிருந்தது. அதனால் கம்ப்யூட்டரை ஆன் பண்ணின உடனே, புரோகிராம் தானாகவே எல்லாக் கடிதத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். போனில் இருந்து போய்விடும். கணக்காளர் அக்கா கம்ப்யூட்டரில் மட்டும்தான் பார்ப்பாங்க, அவங்களுக்கு எல்லாம் இருந்தது. தலைவி அக்கா போனில் மட்டும்தான் பார்ப்பாங்க, அவங்களுக்கு இல்லை. இரண்டு பேர் சொன்னதும் நிஜம்.

"போன்ல குப்பைத் தொட்டியைப் பார்த்தீங்களா அக்கா?" என்று தம்பி கேட்டார். ஜிமெயிலில் அழிந்த கடிதம் 30 நாள் குப்பையில் கிடக்கும், அப்புறம் தானாகவே போய்விடும். தலைவி அக்காவுக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொன்னேன். இருந்தது. 250 பெட்டி ஆர்டர் கடிதம். வந்து 24 நாள் ஆகியிருந்தது. இன்னும் ஆறு நாள் போயிருந்தால் அங்கேயும் இருந்திருக்காது.

தேதியைப் பார்த்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் கணக்காளர் அக்கா ஆபீஸுக்கே வரவில்லை. மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அங்கேயே இருந்தாங்க. அன்றைக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணினது யார் தெரியுமா? நான்தான். கடன் கேட்டவர்கள் பட்டியல் டைப் பண்ண உட்கார்ந்தேன். மெயில் புரோகிராம் தானாகத் திறந்தது, நான் அதைப் பார்க்காமல் கீழே தள்ளிவிட்டு என் வேலையைச் செய்தேன். அது தன் வேலையைச் செய்துவிட்டது. இரண்டு நாள் கழித்து கம்ப்யூட்டர் எரிந்தது. அந்த ஆர்டரை போனில் இருந்து காணாமல் பண்ணினது, தெரியாமல் என்றாலும், என் கைதான்.

தம்பி அப்போதே செட்டிங்கை மாற்றித் தருகிறேன் என்றார். வேண்டாம் தம்பி, நாளைக்கு எல்லார் முன்னாலும் காட்டணும், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

மறுநாள் செயற்குழுவைக் கூட்டினோம். கணக்காளர் அக்கா வீட்டுக்கு நானும் தலைவி அக்காவும் நேரில் போய்க் கூப்பிட்டோம். முதலில் வரமாட்டேன் என்றாங்க. அவங்க மாமியார்தான், "போ, போய் உன் பேரை வாங்கிட்டு வா" என்று அனுப்பி வைத்தாங்க.

எல்லாரும் பார்க்க, என் போனில் இருந்து கூட்டமைப்பு முகவரிக்கு "சோதனை" என்று ஒரு ஈமெயில் போட்டேன். தலைவி அக்கா போனில் வந்தது, எல்லாரும் பார்த்தாங்க. அப்புறம் கம்ப்யூட்டரை ஆன் பண்ணினோம். யாரும் கை வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் "சோதனை" கம்ப்யூட்டரில் வந்தது. தலைவி அக்கா போனைத் திரும்பப் பார்த்தாங்க. இல்லை. அறையில் சத்தமே இல்லை. நான் எழுந்து, அன்றைக்கு ஆன் பண்ணினது நான் என்பதைச் சொல்லி, கணக்காளர் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்பைத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதச் சொன்னேன். சந்தேகப்பட்டதை நாலு பேர் நடுவில் சொன்னோம், மன்னிப்பும் நாலு பேர் நடுவில்தானே கேட்கணும்?

அன்றைக்கே செட்டிங்கை மாற்றினோம். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், உங்க ஆபீஸிலும் பயன்படும்.

முதலில் பழைய கணக்கை அழிக்கக் கூடாது. மூன்று வருஷக் கடிதம் அதில்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே பக்கத்தில் புதிதாக ஒரு கணக்குச் சேர்க்கணும். தண்டர்பேர்டில் பாப் கணக்கை அப்படியே ஐமேப்பாக மாற்ற முடியாது, புதிதாகத்தான் போடணும்.

அதற்கு முன்னால் ஜிமெயிலைக் குரோமில் திறந்து, செட்டிங்ஸ் போய், ஃபார்வேர்டிங் மற்றும் பாப், ஐமேப் என்று இருக்கும் பக்கத்தில், பாப் எடுத்த பிறகு நகலை இன்பாக்ஸிலேயே வை என்று மாற்றினோம். அப்புறம் பாப்பையே நிறுத்தினோம்.

பிறகு தண்டர்பேர்டில் பெயர், முழு ஈமெயில் முகவரி கொடுத்தால், ஜிமெயிலுக்கு வேண்டியதை அதுவே தேடி, ஐமேப்பா பாப்பா என்று கேட்கும். ஐமேப்பைத் தொடணும். உடனே கூகுளின் ஜன்னல் ஒன்று திறந்து பாஸ்வேர்டு கேட்கும், அனுமதி கேட்கும். கொடுத்தால் முடிந்தது.

தானாக வராவிட்டால் கையால் போடணும். உள்ளே வரும் கடிதத்துக்கு சர்வர் பெயர்: ஐமேப், புள்ளி, ஜிமெயில், புள்ளி, காம். ஆங்கிலச் சின்ன எழுத்தில், நடுவில் இடம் விடாமல். போர்ட் நம்பர் 993. பாதுகாப்பு எஸ்.எஸ்.எல் என்று இருக்கணும். வெளியே போகும் கடிதத்துக்கு சர்வரே வேறு: எஸ்.எம்.டி.பி, புள்ளி, ஜிமெயில், புள்ளி, காம். போர்ட் 465 என்றால் எஸ்.எஸ்.எல், 587 என்றால் ஸ்டார்ட் டி.எல்.எஸ். நம்பரையும் பாதுகாப்பையும் மாற்றிப் போட்டால் கடிதம் போகாது. போர்ட் என்பது கதவு எண் மாதிரி. வீடு சரியாக இருந்தும் கதவைத் தப்பாகத் தட்டினால் யார் திறப்பாங்க? யூசர் நேம் என்ற இடத்தில் முகவரி முழுசாக இருக்கணும், பாதி போடக் கூடாது. கடிதம் வருது, ஆனால் அனுப்ப முடியலை என்றால், உள்ளே வரும் செட்டிங்கைத் தொடாதீங்க. தப்பு வெளியே போகும் செட்டிங்கில்தான் பெரும்பாலும் இருக்கும்.

பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் தப்பு என்று வந்தால் பயப்படாதீங்க. 2022 மே 30-லிருந்து, வெறும் ஜிமெயில் பாஸ்வேர்டை மட்டும் வைத்து வெளி மெயில் புரோகிராமில் நுழைய கூகுள் விடுவதில்லை. ஒன்று, நான் சொன்ன கூகுள் ஜன்னல் வழியாக நுழையணும். பழைய புரோகிராமில் அந்த வசதி இல்லை என்றால், இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, ஆப் பாஸ்வேர்டு என்று 16 எழுத்தில் தனியாக ஒன்று வாங்கணும். அது அந்த மெஷினுக்கு மட்டும் கொடுத்த மாற்றுச் சாவி. கம்ப்யூட்டரை விற்றாலோ ஆள் மாறினாலோ அந்தச் சாவியை ரத்து பண்ணிவிடலாம்.

எங்களுக்கு நடுவில் ஒரு தடங்கல் வந்தது. எல்லாம் சரியாகப் போட்டும் பாதுகாப்பு எச்சரிக்கை என்று வந்துகொண்டே இருந்தது. கணக்காளர் அக்காதான் கண்டுபிடித்தாங்க. கம்ப்யூட்டரில் தேதி பல வருஷம் பின்னால் காட்டியது. உள்ளே சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துபோனால், சுவிட்சை அணைக்கும்போதெல்லாம் தேதி மறந்துவிடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பு கிடைக்காது. தேதியைச் சரி பண்ணினோம், உடனே இணைந்தது. மறுவாரம் பேட்டரியையும் மாற்றிவிட்டோம்.

கடைசியாக, பழைய கணக்கில் இருந்த கடிதங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துப் புதுக் கணக்கின் பெட்டிக்குள் இழுத்துப் போட்டோம். அரை நாள் ஆனது. எல்லாம் போனிலும் வந்துவிட்டது. சரி பார்த்த பிறகுதான் பழைய கணக்கை எடுத்தோம்.

ஐமேப்பிலும் ஒரு ஆபத்து இருக்கு, அதையும் சொல்லிடுறேன். ஒரே புத்தகம் என்பதால், ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். அதனால் இரண்டு பொறுப்பாளர்கள் சேர்ந்து பார்க்காமல் யாரும் எதையும் அழிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். இலவசமாக 15 ஜி.பி. இடம்தான், அதிலேயே போட்டோவும் சேரும். இடம் நிரம்பினால் புதுக் கடிதம் வராது. ஆபீஸ் போனில் கல்யாண வீடியோவை எல்லாம் ஏற்றாதீங்க.

அன்றைக்கு இன்னொன்றும் தெரிந்தது. பாஸ்வேர்டு மறந்தால் திரும்ப வாங்குவதற்கு என்று கொடுத்த போன் நம்பர், முதலில் அதைப் போட்டுக் கொடுத்த தம்பியின் நம்பர். அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்தத் தம்பி நல்லவர், லீவுக்கு வந்தபோது நேரில் வந்து மாற்றிக் கொடுத்தார். அவர் நம்பரை விட்டிருந்தால்? ஐந்நூறு பெண்கள் சேர்ந்த அமைப்பின் கடிதப் பெட்டி யார் கையிலோ இருந்திருக்கும். இப்போது கூட்டமைப்பு போன் நம்பர்தான் அதில் இருக்கிறது. அதற்கு வரும் ஓ.டி.பி.யை யார் கேட்டாலும், கூகுளில் இருந்து பேசுகிறேன் என்றாலும் சொல்வதில்லை.

இப்போது நம்ம ஆபீஸில் பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கு. அதில் ஈமெயில் முகவரி, ஐமேப்பா பாப்பா, சர்வர் பெயர், போர்ட் நம்பர், எந்தெந்த மெஷினில் திறந்திருக்கு, மீட்பு நம்பர் எது, கடைசியாக யார் எந்தத் தேதியில் என்ன மாற்றினாங்க என்று எல்லாம் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம். பாஸ்வேர்டு மட்டும் அதில் இல்லை. அது தனிக் கவரில் ஒட்டி பீரோவில் இருக்கு. குழுவின் பஞ்ச சூத்திரத்தில் ஐந்தாவது என்ன? கணக்குப் புத்தகங்களைச் சரியாகப் பராமரிப்பது. ஈமெயில் செட்டிங்கும் இனிமேல் அதில் ஒன்றுதான்.

சகோதரிகளே, அந்த 45,000 ரூபாய் ஆர்டர் போனது போனதுதான். அது திரும்பி வரவில்லை. பன்னிரண்டு வீட்டில் அந்தத் தீபாவளி கொஞ்சம் சுருக்கமாகத்தான் நடந்தது. ஆனால் கணக்காளர் அக்கா திரும்பி வந்தாங்க. இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. நான் பேசுவதை எல்லாம் சரியாகச் சொல்றேனா என்று பார்த்துக்கிட்டிருக்காங்க.

நாளைக்கு உங்க ஆபீஸுக்குப் போனதும் மூன்று காரியம் பண்ணுங்க. ஒன்று, கம்ப்யூட்டரில் ஈமெயில் பாப்பா ஐமேப்பா என்று பாருங்க. இரண்டு, மீட்பு நம்பர் யாருடையது என்று பாருங்க. மூன்று, இதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்க. அதோடு, ஏதாவது காணாமல் போனால் முதலில் செட்டிங்கைப் பாருங்க. ஒரு பெண்ணின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் பாருங்க. செட்டிங்கை அரை நாளில் மாற்றிவிட்டோம். அந்த அக்கா எங்களிடம் பழையபடி சிரிச்சுப் பேச மூன்று மாசம் ஆச்சு.